மஞ்சள் பாலைக் குடித்தது யார்?

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. கீரி என்றதும் பாம்புக் கதை என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. இந்தக் கீரி பாம்பைப் பிடித்ததைவிடக் கேள்வியைப் பிடித்ததுதான் அதிகம். பிடித்த கேள்வியைப் பதில் வரும்வரை உலுக்கிக்கொண்டே இருக்கும்.

அதன் பெயர் துருவி. பெற்றவள் வைத்த பெயர் வேறு ஏதோ. எல்லாரையும் துருவித் துருவிக் கேட்டதால் காடு சேர்ந்து வைத்த பெயர் இது. ஒருநாள் ஆமையிடம் போய், "முதுகு அரிச்சா எப்படிச் சொறிஞ்சுப்பீங்க?" என்று கேட்டது. ஆமைக்குக் கோபம் வந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. துருவி ஓட்டுக்குள் எட்டிப் பார்த்து, "உள்ளே இருட்டா இருக்குமா?" என்று அடுத்ததைக் கேட்டது.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஆறு முழங்கால் அளவுக்கு வற்றிவிட்டது. முயல்கள் எலும்பும் தோலுமாகத் திரிந்தன. மான்களின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஆனால் நரியின் குட்டிகள் மட்டும் எண்ணெய் தடவியதுபோல மினுமினு என்று புல்லில் உருண்டுகொண்டிருந்தன. நரி வேட்டைக்குப் போனதையும் யாரும் பார்க்கவில்லை.

துருவிக்கு இது பெரிய புதிராக இருந்தது. மரத்தில் பேன் பார்த்துக்கொண்டிருந்த மந்தியிடம் போய்க் கேட்டது.

"மந்தியக்கா, நரியார் தன் பிள்ளைங்களுக்கு அப்படி என்னதான் போடுறார்?"

"நல்ல மனசு துருவி, நல்ல மனசு. நல்லவங்க பிள்ளைங்க நல்லா இருக்கும்" என்றது மந்தி.

நல்ல மனசைத் தின்று யாராவது கொழுத்ததுண்டா? துருவிக்கு அந்தப் பதில் தொண்டையில் இறங்கவில்லை.

நரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துச் சொல்வது அதன் வேலை. எந்தக் குட்டி பிறந்தாலும் முதலில் நரிக்குத்தான் ஆள் போகும். அது கண்ணை மூடும், காற்றை மோந்து பார்க்கும், வாலை ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு எதையாவது சொல்லும். கேட்டவர்கள் தலையை ஆட்டுவார்கள். அதிகமாக ஆட்டியவை காட்டுமாடுகள். மாட்டுக்குத் தலையாட்டச் சொல்லித் தரவும் வேண்டுமா?

காட்டுமாட்டுக் கூட்டத்துக்குத் தலைவி வளைகொம்பி. அது ஒரு சொல் சொன்னால் கூட்டத்தில் மறுசொல் கிடையாது. அதன் மருமகள் வெண்காலி. சாதுவான மாடு. அத்தையின் முகத்தைப் பார்த்துத்தான் புல்லைக்கூடக் கடிக்கும்.

ஒரு காலையில் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வெண்காலி தன் முதல் கன்றை ஈன்றது. பழுத்த இலையின் நிறத்தில் ஒரு காளைக்கன்று. ஈரம் காயும்முன்பே அது தள்ளாடி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. மூக்கை நீட்டித் தாயின் வயிற்றோரமாக எதையோ தேடியது. யாரும் சொல்லித்தராமலே அதற்குத் தேடத் தெரிந்திருந்தது. துருவிக்கு இதைப் பார்த்து ஒரே வியப்பு.

வெண்காலி மடியைக் காட்டிக்கொண்டு திரும்பியது.

"நில்லு!" என்றது வளைகொம்பி. "சேனை வைக்காம பால் கொடுப்பியா? மரியாதை தெரியாத பிள்ளை."

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த குட்டியின் நாக்கில் முதலில் யார் இனிப்புத் தொட்டு வைக்கிறார்களோ, அவர்களுடைய குணம் குட்டிக்கு வருமாம். அதற்குப் பெயர் சேனை. காட்டுமாடுகள் பலசாலியான கரடியைத்தான் சேனை வைக்கக் கூப்பிடும். கரடியும் பெருமையாக வந்து தேன் தொட்டு வைக்கும்.

அன்றும் கரடி வந்தது. கன்றைச் சுற்றி வந்து பார்த்தது. மார்பைத் தட்டிக்கொண்டது.

"கவலையே படாதீங்க. என் பலம் அப்படியே இவனுக்கு வந்துடும். மலைமேல போய்த் தேன் கொண்டுவரேன். அதுவரைக்கும் பச்சைத்தண்ணிகூட நாக்குல படக்கூடாது."

"கரடியண்ணே, ஒரு சந்தேகம்" என்றது துருவி. "நீங்க இதுவரைக்கும் சேனை வெச்ச கன்னுல ஏதாவது ஒண்ணு மரம் ஏறுச்சா?"

கரடி யோசித்தது. "ஏறல."

"உடம்பெல்லாம் கறுகறுன்னு முடி மொளைச்சுதா?"

"மொளைக்கல."

"தேனடையைப் பிச்சுத் தின்னுச்சா?"

"நேரமாச்சு, தேன் ஆறிப்போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கரடி நடையைக் கட்டியது. தேன் எப்போது சூடாக இருந்தது என்று துருவி கேட்பதற்குள் அது மலைப்பாதையில் மறைந்துவிட்டது.

அடுத்து நரி வந்தது. கண்ணை மூடியது, காற்றை மோந்தது, வாலைச் சுற்றியது.

"மடியில இப்ப இருக்கிறது கெட்ட பால். கன்னு வயித்துக்குள்ள இருந்த நாள்லேர்ந்து அங்கேயே தேங்கிக் கிடந்தது. அதான் மஞ்சளா இருக்கு. ஒரு சொட்டு உள்ளே போனா குடல் அழுகிடும். வழக்கம்போல ஓடைக்கரைப் பாறைக்குழியில பீய்ச்சி விட்டுடுங்க. விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடணும். பால் வெள்ளையான பிறகு நானே நல்ல நேரம் பார்த்துச் சொல்றேன்."

எல்லா மாடுகளும் தலையை ஆட்டின. மந்திக்குக் கை உண்டல்லவா? பால் பீய்ச்சும் வேலை அதற்கு. மனசார உதவி செய்கிற மந்தி அது, பாவம். வெண்காலியைப் பாறைக்கு நடத்திக்கொண்டு போய்க் குழி நிறையப் பீய்ச்சியது. பால் தேனைப்போலக் கெட்டியாக, மஞ்சளாக இறங்கியது. இரண்டும் திரும்பிப் பார்க்காமல் வந்தன.

கன்று மூங்கில் புதரடியில் படுத்துக் காத்திருந்தது.

வெயில் ஏறியது. கரடி வரவில்லை. கன்று இன்னொருமுறை எழுந்து பார்த்தது. முன்னங்கால் மடங்கி முகம் மண்ணில் மோதியது. அதன்பிறகு அது எழ முயலவில்லை. காது இரண்டும் தொங்கிவிட்டன.

அப்போதுதான் வடக்கு மேட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நீளமான ஒரு சீழ்க்கை. அதற்குப் பதிலாக இன்னொரு சீழ்க்கை. செந்நாய்கள் குரைத்துக்கொண்டு வருவதில்லை, பிள்ளைகளே. சீழ்க்கையடித்து ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டுதான் வரும்.

கூட்டம் முழுவதும் காதை நிமிர்த்தியது.

"பொழுது சாயறதுக்குள்ள இங்கே வந்துடும்" என்றது வளைகொம்பி. "அதுக்குள்ள ஆத்தைத் தாண்டிடணும். அக்கரையில நம்ம காளைங்க மேயுது. அங்கே போயிட்டா செந்நாய் கிட்டே வராது."

"கன்னு நடக்கணுமே, அத்தை" என்றது வெண்காலி.

வளைகொம்பி கன்றைப் பார்த்தது. எழுந்து நடக்காத கன்றை என்ன செய்வது என்று எல்லா மாடுகளுக்கும் தெரியும். விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். ஒரு கன்றுக்காகக் கூட்டத்தையே செந்நாய்க்குக் கொடுக்க முடியாது.

வெண்காலி கன்றை மறைத்துக்கொண்டு நின்றது. "ஒரே ஒரு வாய் கொடுத்துப் பார்க்கட்டுமா அத்தை? மடியும் கல்லு மாதிரி கட்டிக்கிட்டு வலிக்குது."

"கெட்ட பாலையா? பெத்த பிள்ளையை நீயே கொல்லப் போறியா? வலி தாங்கலேன்னா மந்தியைக் கூட்டிக்கிட்டுப் போய் இன்னொரு தடவை பீய்ச்சிட்டு வா."

துருவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. அதற்குப் பொறுமை என்பது வாலளவுகூடக் கிடையாது.

"மந்தியக்கா, அது கெட்ட பாலுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"வளைகொம்பி அத்தை சொன்னாங்க."

துருவி வளைகொம்பியிடம் ஓடியது. "அத்தை, உங்களுக்கு யார் சொன்னது?"

"என் மாமியார் சொன்னாங்க."

"அவங்களுக்கு?"

"அவங்க மாமியார்."

"அவங்களுக்கு?"

வளைகொம்பி கொம்பைத் தாழ்த்தியது. துருவி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு அதே கேள்வியை மறுபடி கேட்டது.

"நரியாரோட முப்பாட்டன் சொன்னாராம். போதுமா?"

போதவில்லை. துருவி நரியிடம் ஓடியது. நரி ஒரு புற்று மேட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"நரியாரே, அந்தப் பால் அழுகியிருந்தா நாத்தம் அடிக்கணுமே, ஏன் அடிக்கல? மந்தியக்கா கையில ஒட்டியிருந்ததை நான் மோந்து பார்த்தேன். நல்லாத்தானே இருக்கு?"

நரி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "இதெல்லாம் காலங்காலமா வர்ற வழக்கம். இதுல போய்க் கேள்வி கேட்டா வால்ல முடி கொட்டிடும்."

துருவி திரும்பித் தன் வாலைப் பார்த்தது. நல்ல அடர்த்தியான வால். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு விஷயம் அதன் மனதில் முள்ளாய்த் தைத்தது. பீய்ச்சின பால் கீழேதானே கிடக்கிறது, யாருக்கும் வேண்டாத பால். அதைத் திரும்பிப் பார்த்தால் என்ன வந்துவிடும்?

வால் போனால் போகட்டும் என்று துருவி ஓடைக்கரைக்கு ஓடியது. பாறைக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த புதர். அதற்குள் நுழைந்து படுத்துக்கொண்டது.

சற்று நேரத்தில் வெண்காலியும் மந்தியும் வந்தன. மந்தி பீய்ச்சியது. வெண்காலி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பாலைக் குழியில் விட்டுவிட்டு இரண்டும் திரும்பிப் பார்க்காமல் போயின.

துருவி கண்ணை இமைக்காமல் பார்த்தது. ஒரு எறும்பு வந்தது. ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. பிறகு புல் அசைந்தது.

வந்தது நரி! பின்னாலேயே உருண்டு உருண்டு அதன் குட்டிகள். பாறைக்குழியைச் சுற்றி வட்டமாக நின்று, தலையைக் குனிந்து, சளப் சளப் என்று நக்க ஆரம்பித்தன.

"மெதுவா, மெதுவா. சிந்தாம குடிங்க. இது தங்கம்டா, தங்கம்" என்றது நரி.

ஒரு குட்டி மஞ்சள் மூக்கை நிமிர்த்தியது. "அப்பா, இது கெட்டது, குடல் அழுகிடும்னு காலையில சொன்னியே?"

"அது ஊருக்கு உபதேசம்டா கண்ணு. நமக்கில்ல. பேசாம குடி."

துருவிக்குப் புதிர் அவிழ்ந்தது. எத்தனை நாளாகத் தேடிய பதில்! ஆனால் மகிழ்ச்சி வரவில்லை. மூங்கில் புதரடியில் காது தொங்கக் கிடக்கும் கன்று நினைவுக்கு வந்தது. கோபம் வந்தது. உடம்பில் இருந்த முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தது. பாதி வழியில் நின்றது. சொன்னால் யார் நம்புவார்கள்? நரியோ நல்ல நேரம் பார்க்கிற பெரிய மனிதர். துருவியோ ஆமையின் முதுகைப் பற்றிக் கேட்டுத் திட்டு வாங்கிய வம்பு. நரி நாலு வார்த்தை இனிக்கப் பேசினால் கூட்டமே அதன் பக்கம் தலையாட்டிவிடும்.

அப்போது துருவி தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டது. "அந்தப் பால் விஷம்னு நான் நிஜமாவே நம்பியிருந்தா, அதைப் பிள்ளைங்க குடிக்கிறதைப் பார்த்ததும் என்ன செஞ்சிருப்பேன்?"

கேள்வி கேட்டுப் பழகியதில் இது ஒரு லாபம். சரியான கேள்வி கிடைத்தால் வழியும் கிடைத்துவிடுகிறது.

துருவி மூங்கில் புதருக்கு வந்தபோது கரடி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தது. வழியில் தின்றதுபோக மிச்சமிருந்த ஒரு துண்டுத் தேனடை அதன் கையில் இருந்தது. நரியும் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல வந்து நின்றது. குட்டிகள் பின்னால் நின்று ஏப்பம் விட்டன. மேட்டுப்பக்கம் சீழ்க்கை இப்போது பக்கத்தில் கேட்டது.

"ஐயோ, ஐயையோ! எல்லாரும் ஓடி வாங்க!" என்று துருவி கத்தியது. "நரியார் பிள்ளைங்க பாறைக்குழியில இருந்த கெட்ட பாலைக் குடிச்சிடுச்சுங்க! என் கண்ணால பார்த்தேன். பாவம், மூக்குல மஞ்சள்கூட இன்னும் காயல!"

எல்லாரும் குட்டிகளைப் பார்த்தார்கள். மூக்கெல்லாம் மஞ்சள்.

"அடப் பாவமே!" என்று மந்தி மார்பில் அடித்துக்கொண்டது. "குடல் அழுகிடுமே! யாராவது வேப்பங்கொழுந்தைப் பறிச்சுக்கிட்டு வாங்க. கசக்கிப் புகட்டினா உள்ளே போனது அவ்வளவும் வெளியே வந்துடும். கரடியண்ணே, பிள்ளைங்களைத் தலைகீழாப் பிடிங்க!"

கரடிக்கு இப்படிப்பட்ட வேலை என்றால் நிரம்பப் பிடிக்கும். தேனடையை ஒரு கிளையில் வைத்துவிட்டு இரண்டு கையிலும் இரண்டு குட்டிகளைக் காலைப் பிடித்துத் தூக்கியது.

"விடுங்க, விடுங்க" என்று நரி சிரிக்கப் பார்த்தது. "பிள்ளைங்க விளையாட்டா நாலு சொட்டு நக்கியிருக்கும். ஒண்ணும் ஆகாது."

"ஒரு சொட்டுக்கே குடல் அழுகும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டது துருவி.

"அதெல்லாம் இதுங்களுக்கு ஒண்ணும் செய்யாது."

"ஏன் செய்யாது?"

"ஏன்னா..." நரி அவசரமாக வாலைச் சுற்றியது.

மந்தி வேப்பங்கொழுந்தைக் கசக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு குட்டியின் வாயைத் திறந்து முதல் சொட்டை விட்டது. குட்டி "கசக்குது அப்பா!" என்று அலறியது. கரடி குலுக்கியது. குடித்ததெல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது.

பெற்ற மனம் அல்லவா? நரிக்கும் அது உண்டு.

"விடுடா கரடி! கொட்டிடாதே!" என்று நரி பாய்ந்தது. "அது கெட்ட பாலே இல்ல! பிறந்ததுலேர்ந்து உங்க மாடுங்க பீய்ச்சிவிட்ட அந்தப் பாலைக் குடிச்சுத்தான் இதுங்க வளருது. ஒருநாள் காய்ச்சல்னு படுத்ததில்ல, ஒருநாள் வயித்துவலின்னு அழுததில்ல. அந்த மஞ்சள்லதான்யா எல்லாமே இருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று நரிக்குப் புரிந்தது.

கரடி மெதுவாகக் குட்டிகளைக் கீழே விட்டது. மந்தி தன் இரண்டு கைகளையும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டது. எத்தனை கன்றுகளின் பாலைப் பீய்ச்சிக் கொட்டிய கைகள்.

வளைகொம்பிதான் முதலில் பேசியது. அதன் குரல் அப்படி உடைந்து யாரும் கேட்டதில்லை.

"என் முதல் கன்னு பொட்டைக்கன்னு. அழகா இருப்பா. இதே மூங்கில் புதர்லதான் படுத்திருந்தா. என் மடியைப் பார்த்துக் கத்திக்கிட்டே இருந்தா. பால் வெள்ளையாகட்டும்னு நான் காத்திருந்தேன். வெள்ளையாச்சு. குடிக்கத்தான் அவ இல்ல."

துருவிக்கு அழுகை வந்தது.

நரி வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு மெல்லப் பின்வாங்கியது. இரண்டு இளம் மாடுகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தன.

"விடுங்க அவனை!" என்றது வளைகொம்பி. "அவனை முட்ட இப்ப நேரமில்ல. பிள்ளைக்குப் பசிக்குது. வெண்காலி, மடியைக் கொடு."

வெண்காலி கன்றிடம் ஓடியது. ஆனால் கன்றால் நிற்க முடியவில்லை. தலையைத் தூக்கியது, தலை மறுபடி மண்ணில் விழுந்தது. கரடி முன்னால் வந்து, கன்றின் வயிற்றுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது.

"கனமே இல்லையே இது" என்றது கரடி. அதன் பெருமையெல்லாம் எங்கோ போயிருந்தது.

கன்று காம்பைக் கவ்வியது. உறிஞ்சியது. ஒன்றும் வரவில்லை.

"எல்லாத்தையும் நானே பீய்ச்சிக் கொட்டிட்டேனே!" என்று மந்தி அழுதது. "மடியில இனிமே ஒண்ணும் இருக்காது. தேனையாவது வெச்சுப் பார்ப்போமா? பசும்புல்லைக் கசக்கிக் கொடுப்போமா?"

மேட்டின் இந்தப்பக்கமே சீழ்க்கை கேட்டது. சில மாடுகள் ஆற்றைப் பார்த்து நகரத் தொடங்கின.

"இருக்கா இல்லையான்னு குடிக்கிறவனே சொல்லட்டுமே. அவன் வாயை ஏன் எடுக்கணும்?" என்றது துருவி.

வெண்காலி நகரவில்லை. கழுத்தைத் திருப்பிக் கன்றின் முதுகை நக்கிக் கொடுத்தது. கன்று உறிஞ்சியது. மூக்கால் மடியை முட்டியது. மறுபடி உறிஞ்சியது.

ஒரு சொட்டு வந்தது. மஞ்சள் சொட்டு.

பிறகு இன்னொன்று. அப்புறம் ஒரு இழை.

"இறங்குது! அத்தை, பால் இறங்குது!" என்று வெண்காலி கத்தியது. "வலியும் குறையுது!"

"இவ்வளவுதானா?" என்று ஒரு மாடு எட்டிப் பார்த்துச் சொன்னது.

"இவ்வளவுன்னு நீ அளக்க வேண்டாம்" என்றது வளைகொம்பி. "பெத்தவ காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல. போ, நல்ல மூங்கில் குருத்தாப் பார்த்து ஒடிச்சுக்கிட்டு வா. மந்தி, நீ அழுதது போதும். சுரைக்குடுக்கையில தண்ணி மொண்டுக்கிட்டு வா."

அத்தை மருமகளுக்கு வேலை சொல்லித்தான் கூட்டம் பார்த்திருக்கிறது. மருமகளுக்காக வேலை சொன்னதை அன்றுதான் பார்த்தது. வெண்காலி தின்றுகொண்டே கொடுத்தது. கன்று குடித்துக்கொண்டே இருந்தது. காம்பு மாற்றிக் காம்பு கவ்வியது. கொஞ்சம் கொஞ்சமாக அதன் வால் ஆட ஆரம்பித்தது.

பால் இறங்கினால் கன்றின் வால் ஆடும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் கண்ணை மூடி, காற்றை மோந்து, நேரம் பார்க்க வேண்டியதில்லை.

கரடி மெல்லக் கையை எடுத்துப் பார்த்தது. கன்று விழவில்லை. கால்கள் நடுங்கின, ஆனால் நின்றது.

"சேனை?" என்று கரடி கிளையில் இருந்த தேனடையைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

"வெச்சாச்சு. அவன் அம்மா குணம் அவனுக்குப் போதும்" என்றது வளைகொம்பி. "தேனை நீயே தின்னு தம்பி."

கரடி அந்தத் தீர்ப்பை உடனே ஏற்றுக்கொண்டது.

பொழுது சாயத் தொடங்கியது. கூட்டம் ஆற்றை நோக்கிப் புறப்பட்டது. கன்று தாயின் காலோடு காலாக நடந்தது. இடையில் தடுக்கி விழுந்தது, தானே எழுந்தது. மந்தி கரையோர மரங்களில் தாவி வந்தது. துருவி வளைகொம்பியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முன்பெல்லாம் அந்த முதுகைத் தொட்டாலே கொம்பு திரும்பும்.

தண்ணீர் கன்றின் வயிற்றைத் தொட்டது. பாதி ஆறு தாண்டியிருப்பார்கள். பின்னால் புதர்கள் விலகின. செந்நாய்கள் வரிசையாகக் கரையில் வந்து நின்றன. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கன்றையே பார்த்தன.

அந்த நேரம் பார்த்துக் கன்று நின்றுவிட்டது. நடுவாற்றில் நின்று, மூக்கை நீட்டி, தாயின் மடியைத் தேடியது.

"இப்பவா? அக்கரைக்குப் போய்க் குடிக்கட்டும்! வாங்க, வாங்க!" என்று மாடுகள் பதறின.

வெண்காலி அத்தையைப் பார்த்தது. வளைகொம்பியும் நின்றுவிட்டது. தண்ணீரில் திரும்பி, கொம்பைத் தாழ்த்தி, செந்நாய்களைப் பார்த்து நின்றது.

"அவன் குடிச்சாத்தான் மிச்ச ஆத்தையும் நடப்பான். பசி வந்தா அதான் நல்ல நேரம். கொடு வெண்காலி. எல்லாரும் வந்து சுத்தி நில்லுங்க."

ஒன்றன்பின் ஒன்றாக மாடுகள் திரும்பி வந்தன. வெண்காலியையும் கன்றையும் நடுவில் விட்டு வட்டமாக நின்றன. எல்லாக் கொம்புகளும் வெளிப்பக்கம் பார்த்தன. கரையிலிருந்த செந்நாய்களில் பெரியது தண்ணீரில் ஒரு கால் வைத்தது. வளைகொம்பி ஒரு சீறல் சீறியது. தண்ணீர் தெறித்தது. செந்நாய் காலை எடுத்துக்கொண்டது.

செந்நாய்கள் காத்திருந்தன. மாடுகளும் காத்திருந்தன. சீழ்க்கை நின்றுபோன அந்த அமைதியில் கன்று உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு செந்நாய் முகத்தைத் திருப்பியது, இன்னொன்று திருப்பியது, கரை காலியானது.

அப்போதும் வளைகொம்பி நகரவில்லை. வயிறு நிறைந்து, கன்று தானாகவே வாயை எடுக்கும்வரை, கூட்டத்தில் ஒரு மாடுகூட ஆற்றில் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

நீதி: தாயின் முதல் பால் பிறந்த பிள்ளையின் உரிமை, அதைத் தடுப்பவர் எத்தனை பெரியவரானாலும் ஏன் என்று கேள், கொடுக்கும் தாய்க்குத் துணையாக நில்.